பிலாத்து கை கழுவாத பாஸ்கா

என் அருமைச் சம்பந்தி சவரிமுத்து அவர்களுக்கு,

இன்னும் மண்ணுக்கு மேலே நின்று வெயில் தின்றுகொண்டிருக்கும் அருளானந்தம் எழுதுகிறேன். ஐப்பசி மழையில் உங்கள் கல்லறைக் குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினோம். இப்போது அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஊர் உளுந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியே இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக் காலம் தள்ளியவன் என்பதால், கேட்டில் நிற்கிறவர்கள் இன்றைக்கும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

நம் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு உங்கள் மூக்கு. பெண் பிள்ளைக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவள் அழும்போது அந்த மூக்கு சிவப்பதைப் பார்த்தால் நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் கோயில் பங்கு மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். முதலில் உங்கள் மகன் ஜெரோமிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, "போடுங்க மாமா, எதையும் எடுக்க வேணாம்" என்றான். அதனால் ஊரும் கேட்கட்டும் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் இல்லாமல் நடந்த முதல் பாஸ்கா இது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நம் கோயில் வாசலில் நாடகமாகப் போடுகிற வழக்கம் நமக்கெல்லாம் முந்தியது. நீங்கள் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற யூதாசு, நான் அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு, இதில் எனக்குப் பங்கில்லை என்று கை கழுவுகிற பிலாத்து. இயேசு வேஷத்துக்கு ஒல்லியான ஆள் வேண்டும். நாம் இரண்டு பேருமே அந்த வாய்ப்பைச் சாப்பிட்டே தொலைத்துவிட்டோம். ஜெரோமுக்கும் என் மகள் ஸ்டெல்லாவுக்கும் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, "யூதாசு வீட்டுப் பையனுக்குப் பிலாத்து வீட்டுப் பொண்ணு, வெளங்குமா?" என்று கோயில் வாசலிலேயே கேலி செய்தார்கள். நீங்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தீர்கள்.

உங்கள் யூதாசு நிற்பானே, அந்த இடத்தைச் சொல்கிறேன். தோட்டத்துக் காட்சி. பின்னால் தீப்பந்தத்தோடு சிப்பாய்கள். நீங்கள் இயேசுவை நோக்கி நடந்து வந்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சட்டென்று நின்றுவிடுவீர்கள். முத்தமிடவும் மாட்டீர்கள், திரும்பவும் மாட்டீர்கள். மைக்செட் இரைச்சல் மட்டும் கேட்கும். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் லூர்து அக்கா எழுந்து, "வேணாம்டா தம்பி, திரும்பிப் போயிடு!" என்று கத்தும். ஒவ்வொரு வருடமும் கத்தும். கதை அதற்குத் தெரியாதா என்ன?

புதிதாக வந்த பங்குச் சாமியார் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, ஏன் அவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

நீங்கள் துண்டால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். "நமக்குத் தெரியும் ஃபாதர். யூதாசுக்குத் தெரியாதுல்ல? அந்த எடத்துல அவனுக்கு ரெண்டு வழி இருக்கு. அதக் காட்டலேன்னா அவன் பண்ணது பாவமே இல்லேன்னு ஆயிடும்."

சாமியார் அதற்குப் பிறகு உங்கள் நிற்றலில் தலையிடவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் பிலாத்துவைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் கேட்டீர்கள், ஆனால் கேலியாக. "ரொம்ப சுத்தமா கழுவுறீங்க சம்பந்தி, கல்யாணப் பந்திக்குப் போற மாதிரி." ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து கேலி இல்லாமலும் சொன்னீர்கள். "யூதாசாவது அழுதான். பிலாத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். எனக்கென்னமோ உங்க ஆளுதான் பெரிய ஆளுன்னு படுது." நான் அதை வேஷத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னேன்.

பிலாத்து கையில் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்காரன் வேஷத்தை மாணிக்கத்துக்குக் கொடுத்ததும் நீங்கள்தான். மாணிக்கம் நம் கோயில்காரர் இல்லை, மாரியம்மன் கோயில் தெரு. நம் வாய்க்கால் மதகின் ஷட்டர்களைத் திறந்து மூடுகிற வேலை அவருடையது. "ஊருக்கே தண்ணி விடுற ஆளு, உங்க கைக்கு விடமாட்டாரா?" என்று அவரைக் கூட்டிவந்தீர்கள். அன்றிலிருந்து பாஸ்கா தவறாமல் தன் வீட்டுப் பித்தளைச் செம்போடு வந்து நின்றார்.

நாடகத்தின் முடிவில் ஒரு வழக்கம் உண்டே, வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். மங்களம் பாடியதும் கடைசியாக யூதாசு வேஷம் போட்டவர் தூக்குப் போட்டுக்கொண்ட கழுத்துக் கயிற்றோடு மேடைக்கு வந்து, கும்பிட்டு, "தெரிஞ்சோ தெரியாமலோ பிழை செஞ்சிருந்தா ஊர் பொறுத்துக்கணும்" என்று சொல்லவேண்டும். "பொறுத்தோம், பொறுத்தோம்" என்று சனம் சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம். அதற்கு முன்னால் யாரும் அவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் அந்த வரியைச் சொல்லும்போது உங்கள் தொண்டை நிஜமாகவே வறண்டிருக்கும்.

இனி, நீங்கள் போன பிறகு நடந்தது.

இரண்டாம் போகத் தாளடி நெல் நட்டு முடித்த மறு வாரம்தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்? அந்த நடவு நன்றாகத்தான் வந்தது. தை கடைசியில் மேட்டூரை மூடினார்கள். வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரை முறை வைத்து விடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. முதலில் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு, பிறகு உங்கள் கீழ்வயல் பக்கத்துக்கு. கடைமடையில் சேசுராஜுக்குக் கதிர் பால் பிடிக்கிற நேரம். அவர் முறை நடக்க வேண்டிய அன்று காலையில் பார்த்தால் கீழ்வயல் ஷட்டர் முழுக்கத் தூக்கியிருக்கிறது. தண்ணீரில் பாதி கீழ்வயலுக்கு, பாதி வழிந்து வடிகாலுக்கு. கடைமடைக்குச் சேறுதான் போனது.

எல்லாரும் மாணிக்கத்தைப் பார்த்தார்கள். "ஷட்டர் சாவி என் இடுப்புலதான் இருக்கு, நான் தெறக்கல" என்று அவர் உள்ளதைச் சொன்னார். அந்த உண்மையே அவரை மாட்டிவிட்டது. சாவி உன்னிடம் என்றால் வேறு யார் திறப்பது? கீழ்வயல்காரர்களிடம் கைநீட்டிவிட்டார் என்று பேச்சு கிளம்பி, சாயங்காலக் கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சேசுராஜின் வயலில் கதிரெல்லாம் பதராகி நின்றது. நீங்கள் வாய்க்கால் தலைவராக இருந்த காலத்தில் செய்த இன்னொரு சாவி உங்கள் வீட்டு நிலைப்படி ஆணியில் தொங்குவது யாருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.

பாஸ்கா ஒத்திகை ஆரம்பித்தது. உங்கள் வேஷம் ஜெரோமுக்கு. கட்டாயப்படுத்தித்தான் போட்டோம். எல்லாம் நன்றாகச் செய்தான், அந்த ஒரு இடம் மட்டும் வரவில்லை. நிற்கச் சொன்னால் நிற்காமல், புறப்படுகிற பஸ்ஸைப் பிடிக்கப்போகிறவன் மாதிரி விடுவிடுவென்று போய் முத்தமிட்டுவிட்டு வந்தான். "உங்கப்பா நிப்பாருடா" என்று எல்லாரும் சொன்னோம். மறுநாளும் அப்படித்தான்.

ஒத்திகை கலைந்ததும் கோயில் குழாயடியில் என்னைத் தனியாக நிறுத்தினான்.

"என்னால நிக்க முடியல மாமா. நின்னா மதகு கண்ணுல வருது."

எனக்குப் புரியவில்லை. "எந்த மதகுடா?"

"நான்தான் தெறந்தேன். அப்பா கடைசியா நட்ட நடவு மாமா. தோகை சுருண்டுக்கிட்டு நின்னுச்சு, பாக்க முடியல. கொஞ்ச நேரம் பாய்ச்சிட்டு விடியறதுக்குள்ள மூடிரலாம்னுதான் போனேன். ஷட்டர் எறங்க மாட்டேன்னுருச்சு. ஆள் வர்ற சத்தம் கேட்டு ஓடிட்டேன்." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். "மாணிக்கத்து மேல விழும்னு நான் நெனைக்கவே இல்ல. ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"நீயே ஊர்ல சொல்லிடு" என்றேன்.

"சொல்றேன்" என்றான். சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை, சம்பந்தி. அவன் வாயால் வரவேண்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுப்பு முடியட்டும் என்றேன். பாஸ்கா நல்லபடியாக நடக்கட்டும் என்றேன். என் மகள் வாழ்கிற வீடு, பேத்தி தவழ்ந்துகொண்டிருந்த வீடு, அதன் வாசலில் ஊர் வந்து நின்று கத்த வேண்டாம் என்றேன். கை கழுவுவதற்குத் தண்ணீரே வேண்டியதில்லை என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். பால் வாங்கப் போகும்போது மாணிக்கம் எதிரே வந்தால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நடவை நீங்கள் நடாமல் போயிருந்தால் அவன் மதகுக்குப் போயிருப்பானா? அப்பன்மேல் வைத்த பாசம் எந்த இடத்தில் அடுத்தவன் வயிற்றில் அடிப்பதாக மாறியது? நீங்கள் இருந்தால் டீக்கடையில் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பீர்கள்.

கடைசி ஒத்திகை அன்று மாணிக்கம் செம்போடு வந்து நின்றார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தோம். யாரோ ஒருவர், "இந்த வருசம் வேற ஆளப் போட்டுக்கலாமே" என்று முனகினார். "வேலையத்தான எடுத்தீங்க, செம்பையும் எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு மாணிக்கம் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

நாடகத்தன்று நல்ல கூட்டம். நீடாமங்கலத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தோட்டத்துக் காட்சி வந்தது. ஜெரோம் நடந்து வந்தான். நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் நின்றதைவிட அதிக நேரம் நின்றான். லூர்து அக்கா எழுந்துவிட்டது. "வேணாம்டா தம்பி, திரும்பிப் போயிடு!" ஜெரோம் கூட்டத்தின் பக்கம் திரும்பி அந்தக் கிழவியைப் பார்த்தான். நான் திரைக்குப் பின்னால் கிரீடமும் அங்கியுமாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் போய் முத்தமிட்டான். கதை அப்படித்தானே.

அடுத்து என் காட்சி. சனம் "சிலுவை, சிலுவை" என்று கூவியது. மாணிக்கம் தாம்பாளத்தை ஒரு கையிலும் செம்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தார். நான் கையை நீட்டினேன். செம்பின் வாய் என் விரலுக்கு மேலே வந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வருடா வருடம் பார்க்கிற மாதிரி, ஊற்றட்டுமா என்று கேட்கிற பார்வைதான் அது. என்னால் தாங்க முடியவில்லை.

கையை இழுத்துக்கொண்டேன். தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்து என் அங்கியில் தெறித்தது. இதில் எனக்குப் பங்கில்லை என்கிற அந்த வசனம் வாய்க்கு வரவில்லை. வேறு ஒன்று வந்தது. "தீர்ப்பு என்னுடையது. தண்ணீரை எடுத்துக்கொண்டு போ." அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற தலைமைக் குரு வேஷக்காரர், "மாமா, வசனம் மாறுது" என்று கிசுகிசுத்தார். மாணிக்கம் திகைத்துப்போய்ச் செம்போடு உள்ளே போனார். ஓரத் திரைக்குப் பக்கத்தில், கழுத்தில் கயிறோடு ஜெரோம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மங்களம் பாடினார்கள். கடைசியாக ஜெரோம் வந்தான், கும்பிட்டான். "தெரிஞ்சோ தெரியாமலோ" என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறந்துவிட்டான் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

ஜெரோம் தலையை ஆட்டினான். "தெரியாம இல்ல. தெரிஞ்சே செஞ்சேன். கீழ்வயல் ஷட்டரத் தெறந்தது நான். மாணிக்கம் அண்ணன் இல்ல."

கூட்டம் கை தட்டியது, சம்பந்தி! நாடகத்தோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். அவன் அங்கிக்குள் கைவிட்டு உங்கள் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினான். அந்த இரும்புச் சாவியைக் கண்டதும் முதலில் வாய்க்கால் கூட்டத்துப் பெரியவர்கள் கை தட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு எல்லாருமே நிறுத்தினார்கள். "இப்ப ஊர் பொறுக்கணும்னு கேக்க மாட்டேன்" என்றான். "பொறுத்தோம்" என்று யாரும் சொல்லவும் இல்லை. லூர்து அக்கா மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டது.

அவன் கயிற்றை அவிழ்க்காமலே இறங்கி மாணிக்கத்திடம் சாவியை நீட்டினான். மாணிக்கம் வாங்கவில்லை. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, செம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஸ்டெல்லா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" தெரியும் என்றேன். அதற்குப் பிறகு தூக்குவாளியில் குழம்பு மட்டும் வந்தது, அவள் வரவில்லை. உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டருக்குத்தான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கீழ்வயல் நெல்லில் பாதியை ஜெரோம் சேசுராஜ் வீட்டில் கொண்டுபோய் இறக்கினான். சேசுராஜ் மூட்டைகளை எடுத்து உள்ளே வைத்தார், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

வாய்க்கால் கூட்டம் மாணிக்கத்தைக் கூப்பிட்டு, மறுபடியும் வேலைக்கு வரச் சொன்னது. அவர் எழுந்து நின்று, "அன்னிக்கும் இதே ஆளுங்கதான் உக்காந்திருந்தீங்க. மாணிக்கம் அப்படிச் செய்ய மாட்டான்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார். ஜெரோம் திறந்தது ஒரு ஷட்டர்தான். மற்றதையெல்லாம் நாங்கள் கூடி உட்கார்ந்து செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் மதகுப் பக்கம் நடந்து போனேன். மாணிக்கம் தண்ணீரில்லாத வாய்க்காலில் இறங்கி, கீழ்வயல் ஷட்டரின் திருகில் பழைய கிரீஸைச் சுரண்டிப் புதிதாகத் தடவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெரோம் திரும்ப ஆணியில் மாட்டிவிட்ட அந்த இன்னொரு சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாண்ணே. அது ஒங்க சம்பந்தி சாவி. அந்த ஆணியிலயே தொங்கட்டும், தம்பி போகவர பாக்கட்டும்."

சரி என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எனக்கு முன்பே தெரியும் மாணிக்கம், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

"தெரியும்ணே. நீங்க கையை இழுத்தப்பவே தெரியும். இல்லேன்னா எதுக்கு இழுக்கப்போறீங்க?" கிரீஸ் கையைப் புல்லில் துடைத்தார். "அடுத்த வருசம் செம்போட வர்றேன். ஆனா ஒண்ணு. மேடையில நல்லா கழுவுங்க. கத கதையா இருக்கட்டும். கீழ எறங்கி வந்து கழுவாதீங்க."

நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொல்லிவிட்டார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். இல்லை, நீங்கள் டீக்கடையிலேயே சொல்லிவிட்டீர்கள். நான்தான் பாராட்டு என்று நினைத்துக் குடித்துவிட்டு வந்தேன்.

வரும் ஆனியில் தண்ணீர் வரும் என்கிறார்கள். வந்ததும் முதல் முறை கடைமடைக்கு. அன்று விடியும்போது ஜெரோமும் நானும் மதகில் நிற்போம், மாணிக்கம் திறக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அடுத்த பாஸ்காவில் உங்கள் மகன் யூதாசாக நிற்பான், லூர்து அக்கா உயிரோடிருந்தால் கத்தும். நான் மாணிக்கம் ஊற்றுகிற தண்ணீரில் விரல் விரலாகக் கழுவுவேன். மேடையை விட்டு இறங்கினால் என் கை அழுக்காகவே இருக்கும், சம்பந்தி. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

பேத்தியின் மூக்கில் உங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும்,
பெண்ணைக் கொடுத்து உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையையும் பெற்றுக்கொண்ட
உங்கள் சம்பந்தி அருளானந்தம்